கார்டின் ரத்தம் பி பாசிட்டிவ்

ரத்தப் பையில் ஒட்டியிருந்த சின்னச் சதுர வில்லையின் அருகே ரீடரைக் கொண்டுபோனாள் ஷஹனாஸ். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முறை அலறியது. திரையில் எழுத்து ஓடியது. நோயாளி பி பாசிட்டிவ். பை ஓ பாசிட்டிவ். கொடுக்கக் கூடாது.

அடுத்த அறையில், ஆபரேஷன் மேஜையில், ஒரு மனிதன் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தான்.

ஷஹனாஸ் இன்னொரு கையிலிருந்த வெள்ளைத் தகட்டைப் பார்த்தாள். அதிலிருந்த மூன்று சொட்டும் ஐந்து நிமிடத்துக்கு முன் அவளே அவன் கையில் ஊசி குத்தி எடுத்தவை. ஏ மருந்து விட்ட சொட்டு அப்படியே கிடந்தது. பி மருந்து விட்ட சொட்டும் அப்படியே. பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் மூன்றாவது மட்டும் மணல் மணலாகக் கட்டியிருந்தது. ஓ பாசிட்டிவ். பயிற்சிக்கு வரும் மாணவிகூட இதில் தப்பு செய்ய மாட்டாள்.

மணி மூன்றே முக்கால். 2008, ஆகஸ்ட் மாதம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து அறக்கட்டளை வைத்து நடத்திய ஆஸ்பத்திரி அது. அந்த வருஷம் ஜனவரியில்தான் ரத்த வங்கிக்கு ரேடியோ டேக் வந்தது. தானம் கொடுக்கும்போதே பையில் ஒரு வில்லை ஒட்டிவிடுவார்கள். வில்லைக்குள் கொசுவத்திபோல் சுருண்ட கம்பி, அதற்குள் ஒரு சில்லு. பை எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது, எப்போது வெளியே வந்தது, எத்தனை நிமிடம் வெளியில் கிடந்தது, யார் படுக்கைக்குப் போனது, எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும். தொழிலாளிகளின் கேட் கார்டிலும் அதே மாதிரி சில்லு. ஆஸ்பத்திரிக்கு வந்தால் கார்டைத் தட்டினால் போதும். பெயர், வயது, ரத்த வகை போட்ட கைப்பட்டை அச்சாகி வரும். பையையும் கைப்பட்டையையும் ரீடர் பார்க்கும். பச்சை எரிந்தால் ஏற்றலாம். சிவப்பு எரிந்தால் கூடாது.

"மனுஷன் தப்பு பண்ணுவான் மேடம், டேக் பண்ணாது" என்று பயிற்சி கொடுக்கும்போது சொன்னார் ஜோசப். டேக் விற்ற சென்னைக் கம்பெனியின் மேனேஜர். ஷஹனாஸுக்கும் அதில் முழு நம்பிக்கை. நாலு வருஷமாகக் கையால் ஒட்டிய லேபிள், கிழிந்த லேபிள், ஈரத்தில் அழிந்த லேபிள் என்று பயந்து பயந்து வேலை பார்த்தவள். டேக் வந்த பிறகுதான் மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பழவேற்காட்டுப் பெண். அங்கே பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லாவின் மூத்த மகள். ரத்த வங்கி லைசென்ஸில் டெக்னீஷியன்கள் பெயர் அச்சாகியிருக்கும். அதில் மூன்றாவது பெயர் அவளுடையது. வாப்பா அதை ஜெராக்ஸ் எடுத்துக் கடையில் மாட்டிவைத்திருந்தார். துணி எடுக்க வருகிறவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் துணியைப் பார்க்க வேண்டும். அந்தப் பெயருக்கு ஒரு களங்கம் வந்தால் தமிழ்நாட்டில் எந்த ரத்த வங்கியும் அவளைச் சேர்க்காது. அது அவளுக்குத் தெரியும்.

கையில் இரண்டு உண்மை. ஒன்று திரையில், ஒன்று தகட்டில். இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. ஆனால் எது உண்மை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சற்று முன்தான் தெரிந்தது.

கம்பி உருட்டும் ஆலை ஒன்றிலிருந்து அந்த ஆளைத் தூக்கி வந்தவர் ஷிப்ட் சூப்பர்வைசர் தணிகாசலம். இரும்புக் கட்டு சரிந்து வயிற்றில் அடித்துவிட்டது. கார்டைத் தட்டினார்கள். வரதன், வயது முப்பத்தொன்று, பி பாசிட்டிவ். கைப்பட்டை கட்டியாயிற்று. பரிசோதனைக்கு வந்த ரத்தம் ஓ என்று காட்டியதும் குழாய்தான் மாறிவிட்டது என்று நினைத்தாள் ஷஹனாஸ். தானே போய் எடுத்துவிடலாம் என்று ஊசியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினாள்.

அங்கே ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"டேய் அன்பு! கண்ணத் தொறடா! நாஷ்டா கூட துண்ணாம மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு போனியேடா! அன்பு!"

ஊசியைக் குத்தி ரத்தத்தை இழுத்துக்கொண்டே ஷஹனாஸ் கேட்டாள். "அக்கா, இவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

"எங்க ஊட்டுக்காரரும்மா."

"கைல வரதன்னு போட்டுக்குது. நீங்க அன்புன்றீங்க?"

தணிகாசலம் நடுவில் புகுந்தார். "செல்லப் பேரு மேடம், ஊட்ல கூப்புடறது. ஆபீஸ்ல வரதன். நீங்க ரத்தத்தப் பாருங்க."

"செல்லப் பேரு வச்சா ரத்தமும் மாறுமா சார்?"

தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டது. ஷஹனாஸ் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக் கைகழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"அக்கா, கார்டுல பி-ன்னு இருக்குது. இவரு ரத்தம் ஓ. மாத்தி ஏத்துனா மேஜ மேலயே போயிடுவாரு. யாரு கார்டு இது?"

அந்தப் பெண் தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போனில் இருந்தார்.

"எங்கண்ணன் கார்டும்மா." அவர் காதில் விழாதபடி சொன்னாள். "வரதன் எங்கண்ணன். அவுரு கவரப்பேட்டைல மனை வித்துக்கினு கீறாரு. வேலைய வுட மனசு வர்ல. ஆறு மாசமா அவுரு கார்டுல இவரு டூட்டிக்குப் போறாரு. தணிகாசலம் சாருக்குத் தெரியும்."

ஷஹனாஸுக்குப் புதிய கதை இல்லை. சிப்காட்டில் இதற்கு 'மாத்து டூட்டி' என்று பெயர். நிரந்தர வேலைக்காரன் வெளியே ஒரு தொழில் பார்ப்பான். மச்சானோ, தம்பியோ அவன் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போவான். கார்டில் உள்ள போட்டோ கட்டை விரல் நகம் அளவுதான். எண்ணெயும் புகையும் படிந்த முகங்களில் யார் போய் மூக்கை அளக்கப்போகிறார்கள்? கேட்டில் பச்சை எரிந்தால் சரி.

"வெளீல தெரிஞ்சா அண்ணன் வேல பூடும். இவருக்கும் வைத்தியம் பாக்க மாட்டாங்க. திருவள்ளூர் கோர்ட்டு, கேசுன்னு இஸ்துக்கினு போவாங்க. உன் கால்ல வுழறேம்மா, யார்கிட்டயும் சொல்லாதே."

"இவரு நெஜப் பேரு?"

"அன்புசெல்வன். என் பேரு திலகவதி."

"சரிக்கா. நான் சொல்ல மாட்டேன். உயிரு போகாது, பயப்படாதே."

அப்படித்தான் வாக்குக் கொடுத்தாள். யோசிக்க நேரம் இருந்திருந்தால் கொடுத்திருப்பாளா? நேரம் இல்லை.

இப்போது கையில் சிவப்பு எரிகிறது. ஆபரேஷன் அறைக் கதவைத் தோளால் தள்ளினாள். டாக்டர் துளசிராமன் முழங்கை வரை சிவப்பாக நின்றார். ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர். கை ராசிக்காரர் என்று ஆந்திர எல்லையைத் தாண்டித் தடா ஊர் வரை பெயர்.

"ரத்தம் எங்கம்மா?"

"சார், கார்டு பி காட்டுது. டெஸ்ட்டுல ஓ. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"யார் பாத்தது?"

"நான்தான் சார். ரெண்டாவது சாம்பிள் நானே எடுத்தேன்."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். ஓ கொடு."

"ரீடர் விடாது சார். உங்க கார்டையும் வச்சாத்தான் திறக்கும்."

"கையைப் பாத்தியா? இதோட கார்டைத் தேடச் சொல்றியா? பிரஷர் எறங்குது. அப்புறம் பாத்துக்கலாம், கொடும்மா!"

கொடுத்தாள். பையிலிருந்து டேக்கைப் பிய்த்து எடுத்தால்தான் ஆபரேஷன் அறை வாசலில் இருந்த எச்சரிக்கை மணி அடங்கும். பிய்த்தாள். ஒரு பை, இரண்டாவது பை, மூன்றாவது பை. ஓ பாசிட்டிவ் மூன்று பைகளும் அன்புசெல்வனின் உடம்புக்குள் போயின. ஒரு நடுக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஐந்தரை மணிக்கு டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு, "தப்பிச்சுட்டான்" என்றார்.

திலகவதி ஓடிவந்து ஷஹனாஸின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் புருஷனை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு ரத்த வங்கிக்கு வந்து, "நீ எங்கூட்டு சாமி" என்றாள்.

செப்டம்பர் முதல் வாரம் ஜோசப் வந்தார். கையில் மாதாந்தர அறிக்கை.

"மூணு பை, மூணு சிவப்பு, மூணு டேக் பிச்சு எறியப்பட்டிருக்கு. என்ன மேடம் இது?"

"கார்டுல குரூப்பு தப்பா ஏறியிருக்கு சார். டெஸ்ட்டுல ஓ வந்தது. அதான் கொடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எழுத்திலும் அதையே கொடுத்தாள். அன்புசெல்வன் என்ற பெயரை எழுதவில்லை.

ஜோசப் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "கார்டுல குரூப்பு எப்படி ஏறுச்சுன்னு பாருங்க. ஜனவரி பதினெட்டு, கம்பெனி கேம்ப். வரதன் ரத்த தானம் பண்ணியிருக்காரு. டெஸ்ட் பண்ணினது யாரு? டெக்னீஷியன் ஷஹனாஸ். ஜனவரியில நீங்க பி-ன்னீங்க. ஆகஸ்ட்ல நீங்களே ஓ-ன்றீங்க. எந்த ஷஹனாஸை நான் நம்பறது?"

வரதனைச் சோதித்தவள் அவள்தான். அன்புசெல்வனைச் சோதித்தவளும் அவள்தான். இரண்டும் சரி. ஆனால் இரண்டும் சரி என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பேர் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

டாக்டரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் தியேட்டருக்குள்ள இருந்தேன். ரத்தம் கேட்டேன். என்ன ரத்தம்னு பாக்கறது ரத்த வங்கி வேலை."

அன்று மாலையே அவளை வீட்டில் இருக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. வேறு வகை ரத்தம் ஏற்றியது, டேக்கைச் சேதப்படுத்தியது. இரண்டு குற்றம்.

வாப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நீ காப்பாத்தின ஆளு உயிரோட இருக்கான் இல்ல? அவன் வந்து நின்னா போதாதா?"

"வந்து நின்னா அவங்க வேலை போகும் வாப்பா."

"வராட்டி உன் பேரு போகும்."

பழவேற்காட்டில் செய்தி வேறு மாதிரிப் பரவியிருந்தது. கிஃபாயத்துல்லா மகள் ரத்தத்தை மாத்தி ஏத்திட்டாளாம். ஆள் பிழைத்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. மாத்தியது மட்டும் ஞாபகம் இருந்தது. அக்டோபரில் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டிலும் ஒரே கேள்வி: "அந்த விசாரணை முடிஞ்சுதா?"

நவம்பரில் விசாரணைக் குழு முன் வாயைத் திறந்தாள். அறக்கட்டளைச் செயலாளர், டாக்டர் துளசிராமன், ஜோசப். மூன்று பேர்.

"அன்னைக்குப் படுத்திருந்தது வரதன் இல்ல சார். வரதன் கார்டுல வேலை பாக்கற வேற ஆளு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"சொல்ல மாட்டேன்னு அந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன்."

"ரொம்ப சௌகரியமான வாக்கு" என்றார் ஜோசப்.

ஷஹனாஸ் விடவில்லை. "ஏத்துன ரத்தம் நாலு மாசத்துல அழிஞ்சிடும் சார். டிசம்பர் கடைசியில அந்த ஆளைக் கூப்புடுங்க. உடம்புல அவரோட சொந்த ரத்தம் மட்டும்தான் இருக்கும். விரல்ல ஒரு சொட்டு எடுங்க. பி வந்தா நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

அறிவியல் பேசினால் மறுக்க முடியாது. குழு ஒத்துக்கொண்டது. டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மனைவியோடு வரவேண்டும் என்று ஆலைக்குக் கடிதம் போயிற்று. கடிதம் யார் பெயருக்கு? வரதன் பெயருக்குத்தான். ஷஹனாஸ் அதைக் கவனிக்காமல் விட்டாள்.

ஆனால் ஒரு காரியம் செய்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை திலகவதியின் வீட்டை விசாரித்துக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டி இரும்புக் கடைகளுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அன்புசெல்வன் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் கண் விழித்தபோது அவள் ரத்த வங்கிக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

"இதான் அந்தப் பொண்ணு" என்றாள் திலகவதி.

அவன் எழுந்து நின்றான். பனியனைத் தூக்கிக் காட்டினான். மார்புக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரை பூரான் ஊர்ந்ததுபோல் தையல்.

"பாத்தியாம்மா? இது நீ போட்ட உயிரு. பொதட்டூர்பேட்டைல எங்க நைனா நாலு ஏக்கரா நெல்லு வச்சிக்கினு, ஊருக்கே திரும்பி வாடான்னு கூப்புடறாரு. எனக்கு இன்னா பயம்? நான் வரேன். கார்டும் வாணாம், கம்பெனியும் வாணாம். விரல நீட்டறேன், குத்திக்கினு போவட்டும்."

"வேலை போயிடும்ணா."

"போனா போவுது. உனுக்கு வேல போலாமா?"

திலகவதி டீ கொண்டுவந்து வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். தெருமுனையில் புது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் வெள்ளைச் சட்டை, கையில் மனைப்பிரிவு நோட்டீஸ் கட்டு. ஷஹனாஸைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றான். அது வரதன் என்று அவளுக்குத் தெரியாது. ஜனவரியில் ஒரே நாளில் இருநூறு விரல்களைப் பார்த்தவள். முகங்களைப் பார்க்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணி. ஷஹனாஸ் குழு அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. முதலில் தணிகாசலம். பின்னால் திலகவதி, தலைக்கு முக்காடு இழுத்துவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த வெள்ளைச் சட்டைக்காரன்.

அன்புசெல்வன் வரவில்லை.

"வரதன்" என்று சொல்லிக்கொண்டு அவன் கார்டை நீட்டினான். ஜோசப் ரீடரை வைத்தார். பச்சை.

ஷஹனாஸ் எழுந்துவிட்டாள். "சார், இவரு இல்ல!"

"உக்காரும்மா. நீ கேட்ட டெஸ்ட்டுதான் நடக்குது."

சென்னையிலிருந்து கூட்டிவந்த டெக்னீஷியன் விரலைக் குத்தி மூன்று சொட்டு வைத்தார். மருந்து விட்டார். தகட்டை மெதுவாக ஆட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நடுச் சொட்டும் கடைசிச் சொட்டும் தயிராகத் திரண்டன.

"பி பாசிட்டிவ்."

ஷஹனாஸ் சொன்னாள். "ஆமா சார், இவரு பி தான். இவரு ரத்தத்தை ஜனவரியில நான்தான் பாத்தேன். ஆனா அன்னைக்கு ஆபரேஷன் மேஜையில இருந்தது இவரு இல்ல. இந்தக்கா வீட்டுக்காரரு. பேரு அன்புசெல்வன்."

செயலாளர் திலகவதியைப் பார்த்தார். "உன் பேர் என்னம்மா?"

"திலகவதி."

"உன் வீட்டுக்காரர் பேரு?"

திலகவதி தலை குனிந்தாள். சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"புருஷன் பேரச் சொல்றதில்ல சார், எங்க வழக்கத்துல."

செயலாளர் முகம் கனிந்துவிட்டது. பக்கத்திலிருந்த டாக்டரிடம், "இந்தக் காலத்துலயும் இப்படி இருக்காங்க பாருங்க" என்றார். பிறகு அவளுக்கு உதவுவதுபோல் மெல்லக் கேட்டார். "சொல்ல வேண்டாம்மா. இவருதானே? தலையை மட்டும் ஆட்டு."

தன் கூடப் பிறந்த அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு திலகவதி தலையை ஆட்டினாள். வரதன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"அக்கா!" ஷஹனாஸின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அன்னைக்கு ஸ்ட்ரெச்சரப் புடிச்சிக்கினு 'டேய் அன்பு'ன்னு கத்துனியே! ஆஸ்பத்திரியே கேட்டுச்சே! அப்ப எங்க போச்சு உன் வழக்கம்?"

திலகவதி முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

"சார், வயித்துல தையல் இருக்கும். இவரைச் சட்டையைத் தூக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷம். டாக்டர் சார், நீங்க போட்ட தையல்! ஒன்பது நாள் ரவுண்ட்ஸ்ல பாத்த முகம்! இவரா அது?"

டாக்டர் துளசிராமன் பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். வரதன் முகத்தை ஒருமுறை பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது ஷஹனாஸுக்குத் தெரிந்தது. கார்டில்லாத ஆளுக்கு ஆபரேஷன் செய்ததாக எழுதினால் கம்பெனிகள் கேட்கும். டெல்லியிலிருந்து டேக் திட்டத்தைப் பார்வையிடப் பொங்கல் கழித்து அதிகாரிகள் வருகிறார்கள்.

"நாம கேட்டது ரத்தப் பரிசோதனை" என்றார் டாக்டர். "அது முடிஞ்சுது."

"ஒரு பொம்பளை முன்னால சட்டையைத் தூக்கச் சொல்றது நல்லாவும் இருக்காது" என்றார் செயலாளர்.

ஜோசப் உற்சாகமாக இருந்தார். "ஒருவகையில நல்லதுதான் சார். மனுஷத் தப்பை டேக் சரியாப் புடிச்சிருக்கு. டெல்லிக்காரங்க வரும்போது இந்த ஒரு கேஸைக் காட்டினா போதும்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். நோயாளி வரதன், ரத்த வகை பி பாசிட்டிவ், மறுபரிசோதனையில் உறுதி செய்யப்பட்டது. அடுத்த தாளிலும் போட்டார். லைசென்ஸ் பட்டியலிலிருந்து டெக்னீஷியன் ஷஹனாஸ் பெயர் நீக்கம். காரணம்: தவறான வகை ரத்தம் ஏற்றியது.

வராந்தாவில் தணிகாசலம் அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார். "பேஜாரா எட்த்துக்காதம்மா. உனுக்குப் படிப்பு கீது. இங்க இல்லாட்டி வேற எடம். அவங்களுக்கு வேற இன்னா கீது சொல்லு?"

"எனக்கு வேற எடம் இல்லாமப் பண்றதுக்குத்தான சார் இப்ப ஒரு கையெழுத்து போட்டாங்க?"

அவர் படியிறங்கிப் போனார்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மத்தியான மின்சார ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வாப்பாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஷஹனாஸ் யோசித்துக்கொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. திலகவதி. முக்காடு இல்லை.

"செருப்பால அடிம்மா" என்றாள். "வாங்கிக்கறேன்."

ஷஹனாஸ் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"அவரு வரேன்னுதான் நின்னாரு. நான்தான் அண்ணங்கிட்ட சொன்னேன். அண்ணன் வந்து இவரு கால்ல வுழுந்துட்டாரு. ரெண்டு பொட்டப் புள்ள வச்சிக்கினு கீறேன் மச்சான், வேல போனா நான் செத்துடுவேன்னு. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு?"

"அன்பு அண்ணன் இப்ப எங்க?"

"டூட்டிக்கு. ரெண்டு மணி ஷிப்ட்டு. அண்ணன் கார்ட எட்த்துக்கினு கேட்டாண்ட போயிருக்காரு, அவருகிட்ட குடுக்க."

ஷஹனாஸ் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, என் வேலையைப் பத்தி நான் பேசல. அது முடிஞ்சுபோச்சு. நல்லாக் கேளு. இத்தினி நாளும் கார்டுல பி-ன்னு இருந்தாலும் ஒருத்தி திரும்ப டெஸ்ட் பண்ணுவா, சந்தேகப்படுவா. இன்னிக்கு டாக்டரே உறுதின்னு கையெழுத்து போட்டுட்டாரு. டேக் சொன்னதை மீறினா என்ன ஆவும்னு அங்க வேலை பாக்கற எல்லாருக்கும் என்னைக் காட்டியாச்சு. இனிமே அந்தக் கார்டோட யாரு வந்தாலும் பி தான். உங்க வீட்டுக்காரரு ரத்தம் ஓ."

திலகவதிக்கு மெல்லத்தான் புரிந்தது. புரியப் புரிய முகம் வெளுத்தது.

"திரும்பவும் எதனா வுழுந்துச்சுன்னா..."

"பி ஏத்துவாங்க. பச்சை எரியும். யாரும் நிறுத்த மாட்டாங்க."

"நான் ஓடியாந்து சொல்லுவேன்! இவருக்கு ஓ-ன்னு கத்துவேன்!"

"எந்தப் பேருல கத்துவ? இன்னிக்கு ஆஸ்பத்திரியில மூணு பேரு முன்னால, உன் வீட்டுக்காரரு பி-ன்னு நீதான் தலை ஆட்டியிருக்க."

திலகவதி ஷஹனாஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ இருப்பல்ல? உனுக்குத் தெரியும்ல?"

"நான் அங்க இருக்க மாட்டேன்."

ரயில் வந்தது. ஷஹனாஸ் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினாள். கவரைப்பேட்டை அடுத்த ஸ்டேஷன்தான், ஆனால் திலகவதி ஏறவில்லை. பிளாட்பாரத்தில் நின்றபடியே இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து அழுத்தினாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி மூன்றாவது முறை கிடைத்தது.

"அண்ணே, அண்ணே, கார்ட குடுக்காதே! இன்னிக்கு வாணாம், அவர ஊட்டுக்கு அனுப்பு!"

எதிர்முனையில் வரதன் கத்திப் பேசுகிறவன். ஆலை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். கதவோரம் நின்ற ஷஹனாஸுக்கும் கேட்டது.

"குட்த்துட்டேன் திலகா. சங்கு ஊதிட்டாங்க. அவன் உள்ள போய்ட்டான்."